கப்பலோட்டியவரும் கப்பலேறியவர்களும்

தூத்துக்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வ.உ.சி.தான். கல்லூரிக்கு அவர் பெயர். துறைமுகத்துக்கு 2011இலிருந்து அவர் பெயர். சாலைக்கும் மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். பக்கத்தில் ஒட்டப்பிடாரத்தில் அவர் வீடு நினைவில்லமாக நிற்கிறது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை வாங்கி, ஜெயிலில் செக்கிழுத்து, வக்கீல் சன்னதைப் பறிகொடுத்து, 1936 நவம்பர் 18இல் இதே ஊரில் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர்விட்ட மனிதருக்குச் சிலை வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது? என் கேள்வி வேறு. கப்பலோட்டியவர் யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். இந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள் யார்?

எம்.ஏ. தமிழ் படித்தபோது கொற்கை முத்து பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினோம். பாண்டியன் முத்து, யவனன் வாங்கிய முத்து, பரதவர் மூழ்கி எடுத்த முத்து. ஊருக்கே முத்துநகர் என்று பெயர், ரயிலுக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். முத்துக்குளித்தவனுக்குச் சிப்பியில் எத்தனை பங்கு, அரசாங்கத்துக்கு எத்தனை பங்கு என்ற கணக்கெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கஜெட்டியர்களில் உண்டு. இதே கரையிலிருந்து ஏற்றுமதியான மனிதர்களைப் பற்றி அந்த இரண்டு வருசத்தில் ஒரு வகுப்புக்கூட எங்களுக்கு நடக்கவில்லை. 1658இல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்த பிறகு, பஞ்சம் வந்த வருசங்களில் இந்தச் சோழமண்டல, மதுரைக் கரைகளிலிருந்து அடிமைகள் வாங்கப்பட்டு இலங்கைக்குப் போனார்கள். பஞ்சத்தில் முதலில் விலைக்குப் போகிறவன் எந்தத் தெருக்காரன் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

வ.உ.சி. கதைக்கே வருகிறேன். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தவறாமல் சொல்லும் ஓர் இடம் உண்டு. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் தருகிறார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907இல் வந்து சேருகின்றன. வெள்ளைக்காரனின் பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைக்கிறது. சுதேசிக் கம்பெனியும் குறைக்கிறது. கடைசியில் பி.ஐ. கம்பெனி ‘காசே வேண்டாம், சும்மா வாங்க, ஆளுக்கொரு குடையும் தர்றோம்’ என்று கூப்பிட்டதாம். மேடையில் இந்தக் குடையைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்தக் குடையை நீட்டிய கை நமக்குத் தெரிகிறது. வாங்கிய கை யாருடையது? ம.பொ.சி.யின் புத்தகத்திலிருந்து 1961இல் பந்துலு எடுத்த படம் வரைக்கும், இந்தக் கதையில் பயணிகள் என்று ஒரு கூட்டம் வருகிறது. அவர்களுக்கு வேலை, தேசபக்தி இருக்கிறதா இல்லையா என்று நிரூபிப்பது மட்டும்தான். சுதேசிக் கப்பலில் ஏறினால் நல்லவர்கள், பி.ஐ. கப்பலில் ஏறினால் குடைக்கு விலைபோனவர்கள். ஆனால் தூத்துக்குடி - கொழும்புக் கடல்வழி என்பது அந்தக் காலத்தில் என்ன வழி? மேலே கேபினில் துரைமார்களும் பெரிய வியாபாரிகளும் போனார்கள். கீழே டெக்கில் மூட்டை முடிச்சுகளோடு குந்தியிருந்தவர்களில் சின்ன வியாபாரிகள், கடைப் பையன்கள் கொஞ்சம் பேர் உண்டு. மிச்சம் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனம். அந்த ஜனத்தில் பள்ளர், பறையர், சக்கிலியர் எத்தனை பெரும்பகுதி என்பதை மலையகத்தைப் பற்றி எழுதிய எந்த ஆய்வாளரும் மறுத்ததில்லை. இவர்களுக்கு எந்தக் கம்பெனிக் கப்பல் என்று முடிவு செய்யும் உரிமையே கிடையாது. டிக்கெட் எடுப்பது கங்காணி. அந்த டிக்கெட் காசும் கூலிக்காரன் தலையில் கடனாக விழும்.

கப்பலுக்கு யார் முதலாளி என்பதில் வெள்ளைக்காரனுக்கும் சுதேசிக்கும் சண்டை நடந்தது. நியாயமான சண்டைதான், நான் வ.உ.சி. பக்கம்தான். டெக்கில் இருக்கிறவன் ஏன் ஊரைவிட்டுப் போகிறான் என்ற கேள்வியைச் சுதேசியம் கேட்கவில்லை. அதைக் கேட்ட ஆள் அப்போதே இருந்தார். 1907 ஜூனில் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சாதியை மடியில் கட்டிக்கொண்டு சுதேசியம் பேசுகிறவர்களைக் கிட்டத்தட்ட வாராவாரம் கேள்வி கேட்டார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவருடைய எழுத்துகளை வெளியிட்ட பிறகும், நம் சுதேசிக் கப்பல் ஆராய்ச்சிகளில் அவர் ஓரத்தில் ஓர் அடிக்குறிப்பாகத்தான் நிற்கிறார். வெள்ளைக்காரனுக்குச் சாமரம் வீசினார் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தை டெக்கிலிருந்து பார்த்தால் அவர் கேட்டதன் அர்த்தம் தெரியும்.

தட்டப்பாறைக்குப் போயிருக்கிறீர்களா? தூத்துக்குடிக்கு முந்தி, மணியாச்சி லைனில் இருக்கிற ஸ்டேஷன். முத்துநகர் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. போன வருசம் இரண்டு மாணவத் தோழர்களோடு பாசஞ்சரில் போய் இறங்கினேன். சுற்றிலும் உடை மரம், சீமைக் கருவேலம், வெயில். 1896இல் பம்பாயில் பிளேக் வந்ததற்குப் பிறகு, இந்தியாவிலிருந்து வரும் கூலிகள் நோய் கொண்டுவருவார்கள் என்று பயந்து இலங்கை அரசாங்கம் தன் செலவில் இந்த மண்ணிலேயே நடத்திய தடுப்பு முகாம்களில் ஒன்று இங்கே இருந்தது. இன்னொன்று மண்டபத்தில். கங்காணி ஊர் ஊராகத் திரட்டிக்கொண்டு வந்த ஆட்களை இங்கே இறக்கி, அடைத்து, அம்மை குத்தி, துணியை ஆவியில் அவித்து, நாள் கணக்கில் வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்று உறுதியானால் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கரையோரம் ஆழமில்லை. ஸ்டீமர் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏற்றிக் கொண்டுபோய் ஸ்டீமரில் சேர்ப்பார்கள். கடலையே அதுவரை பார்த்திராத கரிசக்காட்டு ஜனம், முதல் தடவை பார்க்கிற அன்றே அதன் நடுவில் ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறது. கொழும்பில் இறங்கினால் அந்தப் பக்கம் ராகமையில் இன்னொரு முகாம்.

தட்டப்பாறையில் அதற்கான ஒரு கல், ஒரு பலகை எங்கள் கண்ணில் படவில்லை. டீக்கடையில் விசாரித்தோம். வயதான ஒருவர் ‘கூலி டிப்போவா? எங்க தாத்தா காலத்துல இருந்துச்சும்பாக’ என்றார். அவ்வளவுதான். கூட வந்த மாணவர் ஒருவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, ‘தோழர், அமெரிக்கால இருந்தா இந்நேரம் டிக்கெட் போட்டு உள்ள விட்ருப்பான்’ என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலை 1886இல் வந்தது. பக்கத்திலேயே எல்லிஸ் தீவில் 1892 முதல் 1954 வரை குடியேற்ற நிலையம் நடந்தது. 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மரியாதையாக விசாரித்து அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் வந்த இத்தாலிக்காரனும் யூதனும் போலந்துக்காரனும்தான் தீவுக்குப் போகவேண்டும். டாக்டர் சந்தேகப்பட்டால் சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்துப் போடுவார். கண் நோய்க்கு ஓர் எழுத்து, இதயத்துக்கு ஓர் எழுத்து. 1990இல் அந்தக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கித் திறந்தார்கள். பேரப்பிள்ளைகள் வந்து தாத்தா பெயரைத் தேடுகிறார்கள்.

நாமும் நியூயார்க்கைப் பார்த்து உருகவேண்டும் என்று சொல்லவில்லை. 1882இலேயே சீனக் கூலிகளுக்குக் கதவைச் சாத்திய நாடு அது. சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்த கறுப்பர்கள் எந்தச் சிலையையும் கும்பிட்டு இறங்கவில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அங்கே இறங்கிய மூன்றாம் வகுப்பின் பிள்ளைகள் நாளைக்கு ஓட்டுப் போட்டார்கள், மேயர் ஆனார்கள், காசு திரட்டித் தங்கள் அழுக்குத் துணி மூட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சாக்பீஸ் எழுத்தைத் துணியைத் திருப்பிப் போட்டு மறைத்துக்கொள்ளவும் முடிந்தது என்று சொல்வார்கள். நம் ஆட்கள் கழுத்தில் தொங்கியது தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் துரைமார்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையை ஆளுக்கொன்று மாட்டிவிட்டால், வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் கேட்கவேண்டியதில்லை. பார்சலுக்கு இப்படித்தான் விலாசம் ஒட்டுகிறோம்.

மொரீஷியஸ் போர்ட் லூயிஸில் ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய படிக்கட்டு இருக்கிறது, ஆப்ரவாசி காட் என்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. மொரீஷியஸ், ஃபிஜி, நேட்டால் போனவர்களுக்கு ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. பத்திரம் கொடுமையானதுதான். ஆனால் அதில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதியிருக்கிறது. கொள்ளுப்பேரன் தேடி வரலாம். இலங்கைக்குப் போனவர்கள் சட்டப்படி ‘சுதந்திரமான’ கூலிகள். ஒப்பந்தம் கிடையாது, கங்காணி சொன்ன வாய்ச்சொல்தான். 1865ஆம் வருசத்துச் சட்டப்படி சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் ஜெயில், ஆனாலும் பெயர் சுதந்திரம். கங்காணி கணக்கில் பற்று இருக்கும், ‘துண்டு’ இருக்கும். இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதும் சீட்டு அது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். ஆள் வேலைக்கு வந்த நாளெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு. இந்தக் கணக்குகளில் நம் தாத்தன் பாட்டன் தலையாக இருக்கிறான். பெயராக இருக்கிற இடங்கள் குறைவு.

பெயர் இல்லாதவனுக்குப் பெயர் கொடுப்பது இலக்கியத்தின் வேலை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் இலக்கியம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

பாரதி கரும்புத் தோட்டத்தில் அல்லலுறும் பெண்களைப் பற்றி எழுதினார். ஃபிஜித் தீவில். படித்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் அந்தப் பெண்களுக்கு என்ன பெயர் என்று பாருங்கள். அவர்கள் இந்துப் பெண்கள். ஊரில் இருந்தவரை அவள் சேரிப் பெண். கோயில் வாசலுக்கு வரக்கூடாது, கிணற்றில் வாளி போடக்கூடாது, எதிரே வரக்கூடாது. கப்பல் ஏறி, ஏழு கடல் தாண்டி, வெள்ளைக்காரன் சவுக்கு முதுகில் விழுந்த பிறகு அவள் இந்துப் பெண் ஆகிறாள். அடித்தவன் வெள்ளைக்காரன் என்பதால் அவள் முதுகு தேசத்தின் முதுகாகிவிட்டது. அவளை எட்டயபுரம் ஜமீனில் அடித்தபோது அது யார் முதுகு? இன்னொன்றும் உண்டு. பாரதி பிறந்த எட்டயபுரத்திலிருந்து தட்டப்பாறை ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணம். கூலிக் கப்பல் அவர் சொந்தச் சீமைக் கரையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. இலங்கைக்குப் பாலம் கட்டக் கனவு கண்ட கவிக்கு, ஏற்கனவே அந்தக் கடலைத் தாண்டிக்கொண்டிருந்த ஜனத்தின் சாதி பாட்டுக்குள் வரவில்லை.

புதுமைப்பித்தன் வேறு ரகம். ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து வாசவன்பட்டிச் சேரியிலிருந்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். சேரியைச் சேரி என்று எழுத அவர் கூசவில்லை. பண்ணையும் தோட்டமும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். என் சண்டை தலைப்பிலிருந்தே தொடங்குகிறது. மருதிக்கு என்னென்ன நடக்கிறது என்று கதை சொல்கிறது: உடம்பு சூறையாடப்படுகிறது, நோய் வருகிறது, சீரழிகிறாள். மருதி என்ன கணக்குப் போட்டு ஊரைவிட்டுக் கிளம்பினாள்? அவளுக்கு ஏதாவது ஆசை இருந்ததா? தோட்டத்தில் எவளோடு சேர்ந்து சிரித்தாள், எந்தக் கங்காணியை என்ன சொல்லித் திட்டினாள்? வேளாளர் தெருவிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு, எவ்வளவு நேர்மையான கண்ணானாலும், சேரிக்காரி கிணற்றுக்குள் விழுந்த பிறகுதான் தெரிகிறாள். எட்டிப் பார்த்து இரங்குகிறது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து ஜனங்களின் பாட்டுகளைச் சேகரித்து வெளியிட்டிருக்கிறாரே, அதில் அழுகை இருக்கிறது, அதோடு கங்காணியை நாறடிக்கிற கேலியும் இருக்கிறது, காதலும் இருக்கிறது. துரைக்கே கேலி உண்டு. அந்த வாயை நம் சிறுகதை மருதிக்குக் கொடுக்கவில்லை.

நண்பர்கள் கோபிக்கக்கூடாது. முற்போக்கு எழுத்தும் தேசிய எழுத்தும் தமிழ்த் தேசிய எழுத்தும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. கப்பல் ஏறியது என்றாலே சோகம், பிறந்த மண்ணைப் பிரிந்த துயரம். எந்த மண்? யாருடைய மண்? அந்த மண்ணில் ஒரு சென்ட் பட்டா இல்லாதவன் எதைப் பிரிந்தான்?

எங்கள் வீட்டில் இந்தக் கதை வேறுவிதமாகச் சொல்லப்பட்டது. என் அம்மாச்சியின் சித்தப்பா ஒருவர் 1920களில் கண்டிச்சீமைக்குப் போனவர். அம்மாச்சி இதைச் சொல்லும்போது அழுததை நான் பார்த்ததில்லை. ஒருவிதக் குஷியோடுதான் சொல்லுவாள்: ‘பண்ணையாரு வீட்டுக்கு ஆள் போகல. காலைல பாத்தா தொழுவத்துல சாணி அள்ள நாதியில்ல. ஆள் விட்டுத் தேடுதாக, தேடுதாக. இவுக அதுக்குள்ள மண்டபம் போயிச் சேந்துட்டாக. வாங்குன கடனும் போச்சு, மாடு மேய்க்க ஆளும் போச்சு. பண்ணையாருக்கு அன்னைக்குச் சோறு எறங்கலயாம்.’ சித்தப்பா அங்கே போய் நன்றாக வாழ்ந்தாரா என்றால் இல்லை. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் குடும்பத்தோடு கிடந்து, அட்டை கடித்து, அங்கேயே மண்ணுக்குள் போனவர். அம்மாச்சிக்கு அதுவும் தெரியும். ஆனாலும் அவள் சொன்ன கதையில் அந்த ஒரு நாள் காலை, பண்ணையார் வீட்டுத் தொழுவம் காலியாகக் கிடந்த காலை, அப்படியே நின்றுபோயிருந்தது.

மிராசுதார்களும் ஜமீன்தார்களும் கூலி ஆள் வெளியே போவதைத் தடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். அயோத்திதாசர் 1898இல் ஆல்காட்டோடு கொழும்பு போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். பிறகு சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் வந்தன. எல்லாம் கூலியாகப் போனவர்கள் கட்டியது. ஊரில் இருந்தவரை நிமிர விடாத ஜனம், சுரங்கத்திலும் துறைமுகத்திலும் நின்றுகொண்டு சங்கம் வைத்தது. ஒரே கடலில் அடிமைத்தனத்துக்கும் கப்பல் போனது, விடுதலைக்கும் போனது. பல சமயம் ஒரே கப்பல்தான். இதை எழுதத் தமிழில் ஒரு நாவல் இல்லை.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1995 ஆகஸ்ட் 31இல் இதே மாவட்டத்துக் கொடியங்குளத்தில் 600 போலீஸ் புகுந்து என்ன செய்தது? வளைகுடா நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து நம் ஆட்கள் கட்டிய வீட்டுக்குள் புகுந்து டிவியை உடைத்தது, ஃபேனை வளைத்தது, கிணற்றில் விஷத்தைக் கொட்டியது. கடல் தாண்டிக் கூலி வேலைக்குப் போனதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. திரும்பி வந்து மச்சு வீடு கட்டியதுதான் கண்ணை உறுத்தியது.

கப்பல் ஏறினால் சாதி போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. அதையும் மறைக்காமல் பேசுவோம். கங்காணி தன் ஊரிலிருந்து, தன் செல்வாக்குக்குள் உள்ள ஜனத்தைத்தான் திரட்டினான். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஊரில் நமக்கு மேலே இருந்த சாதிக்காரர்கள். லயத்தையே சாதிவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள், துரைக்கும் அது வசதியாக இருந்தது. விடியற்காலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லித் தப்பு அடிப்பார்கள். அடித்தவன் யார் என்று கேட்கவேண்டியதில்லை. சாவுக்கு அடித்த அதே தப்பை, அங்கே தினமும் உயிரோடிருப்பவர்களுக்கு அடித்தான். மலையக எழுத்தாளர்கள் ‘நாங்கள் எல்லோரும் தோட்டத் தொழிலாளி’ என்று எழுதும்போது அந்த ஒற்றுமையின் தேவை எனக்குப் புரிகிறது. ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ என்று ஏச்சு வாங்கிய ஜனம் அது, வாங்கியது சிங்களவனிடம் மட்டுமல்ல. ஆனால் தப்பு அடித்தவனின் சுயசரிதை அதற்குள் அமுங்கிவிட்டது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போனது, அங்கிருந்து தலைமன்னார். அத்தோடு தட்டப்பாறை தேய்ந்தது, மண்டபம் வளர்ந்தது. 1939இல் இந்திய அரசாங்கம் கூலிகள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்யும் வரை மண்டபம்தான் வாசல். 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டு, ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஜனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தகர வில்லையில் தொடங்கிய பார்சல் கணக்கு இப்படித்தான் முடிந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்தில் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்துக்கு வந்த ராமானுஜம் கப்பலில் ஜனம் வந்து இறங்கியது. இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம் அதே மண்டபம் முகாம். தாத்தன் போகும்போது அடைத்த இடத்தில், பேரன் வரும்போது அடைத்தார்கள்.

மண்டபத்துக்கும் போனோம். அங்கே ஸ்டேஷனுக்குப் பெயரே மண்டபம் கேம்ப். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஓடிவந்தவர்கள் இங்கே வந்தார்கள், 2022இல் இலங்கை திவாலானபோது தனுஷ்கோடிக் கரையில் குழந்தைகளோடு இறங்கியவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் மலையகத்துக்காரர்களும் உண்டு. முப்பது நாற்பது வருசமாக இருக்கிறார்கள், இங்கேயே பிறந்து பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. 2021இல் தமிழக அரசு ‘அகதி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. எல்லிஸ் தீவை அருங்காட்சியகமாக்க முடிந்தது, அங்கே வேலை முடிந்து கதவைப் பூட்டிவிட்டார்கள். மண்டபத்தில் ஒரு நூற்றாண்டாக வேலை முடியவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டிய பாயில் இன்னும் ஆள் படுத்திருக்கிறது. (2011இல் தூத்துக்குடி - கொழும்புக்கு ஸ்கோடியா பிரின்ஸ் என்று சொகுசுக் கப்பல் விட்டார்கள். ஆறு மாதம்கூட ஓடவில்லை.)

அம்மாச்சியின் சித்தப்பா வழிவந்த குடும்பம் 1970களின் நடுவில் ராமானுஜத்தில் திரும்பியது. அவருடைய பேத்தி எனக்கு அத்தை முறை, கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இலங்கையில் விட்ட தேயிலைச் செடியை நீலகிரியில் வந்து பிடித்தோம் என்று சிரிப்பார். மண்டபத்தில் தங்கியிருந்தபோது அவருக்குப் பத்து வயசு. முகாமைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருப்பது, கோதுமைக் கஞ்சியும், வரிசையும், வரிசையில் யாரோ தன் அம்மாவின் காதுத் தோட்டை உற்றுப் பார்த்ததும்தான்.

அவருடைய தம்பி பள்ளிக்கூடம் போனபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பாவின் கண்டிப் பாஸ்போர்ட்டில் பூர்வீகக் கிராமத்தின் பெயர் எழுத்துப் பிசகாக இருந்தது. ஓர் ஆபீசில், நீங்கள் தாழ்த்தப்பட்டவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம், ஊர்க்காரன் யாராவது சொல்லவேண்டும் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வருசக்கணக்காக நடந்து அலுத்துப்போய், அப்பா கோவில்பட்டிக்கு ரயிலேறி, விசாரித்து, அந்தக் கிராமத்துக்கே போய் இறங்கினாராம். அதற்குமுன் அந்த ஊரைப் பார்த்தே அறியாதவர். பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் தாத்தா பெயரைச் சொல்லி, அவர் மகன் என்று சொல்லியிருக்கிறார். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் உடனே, ‘கண்டிக்கு ஓடிப்போனானே, அவன் மகனா’ என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல், கூரையில் சொருகியிருந்த வேறு கிளாஸை எடுத்து டீ ஊற்றிக் கீழே வைத்திருக்கிறார்.

‘அப்பா அந்த டீயைக் குடிச்சாரா அத்தை?’ என்று கேட்டேன்.

‘குடிக்கல. காசை மட்டும் பெஞ்சு மேல வச்சிட்டு வந்துட்டாரு. அடுத்த வாரம் அந்தப் பெரியவர்கிட்டயே போய்க் கையெழுத்து வாங்க வேண்டியிருந்துச்சு’ என்றார்.